குமிழில் கை வைக்க முன்: தையல் மெசின் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி நூலைப் பற்றியவை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என் கடைக்கு வரும் மெசின்களும் இப்போது அதே வருத்தத்தோடுதான் வருகின்றன. கேள்வி அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: என்ன ஊசி, என்ன நூல், என்ன துணி என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "மெசின் பிழை" என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

வீட்டு மெசின். தைக்கத் தொடங்கியதும் துணிக்கு அடியில் நூல் தும்பு மாதிரிச் சுருண்டு நின்றுவிடுகிறது. பொபின் கேஸை (கீழ்நூல் சுற்றிய பொபின் இருக்கும் கூட்டை) இரண்டு தடவை மாற்றிவிட்டேன். (சுன்னாகம்)

பொபின் கேஸ் பாவம், அதில் பிழையே இல்லை. அடியில் சிக்கு விழுந்தால் மேலே தேடுங்கள். தையல் விழும்போது அடியில் சுழலும் கொக்கியானது மேல்நூலைப் பிடித்துப் பொபினைச் சுற்றிக் கொண்டுவருகிறது. அப்படிக் கீழே போன நூலை, ஊசிக்கு மேலே ஏறி இறங்கும் டேக்-அப் லீவர் திரும்ப மேலே இழுக்க வேண்டும். மேல்நூலை இடையில் அழுத்தி இறுக்கும் டென்சன் தட்டுகள் நூலைப் பிடிக்காவிட்டால் லீவர் கீழே கிடக்கும் நூலை விட்டுவிட்டு நூல்கட்டையிலிருந்து புது நூலைத்தான் இழுக்கும். பழைய நூல் அடியிலேயே குவிந்துவிடும்.

தட்டு ஏன் பிடிக்கவில்லை? துணியை அழுத்தும் பாதத்தை இறக்கிவைத்துக்கொண்டு நூல் கோர்த்திருப்பீர்கள். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், நூல் உள்ளே போகாமல் விளிம்பிலேயே நிற்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு, முதலில் இருந்து கோருங்கள். பிறகு பாதத்தை இறக்கி, ஊசிக்குப் பக்கத்தில் நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஊசி சற்று வளைகிற அளவுக்கு அது முரண்டு பிடிக்க வேண்டும். பாதத்தைத் தூக்கினால் தாராளமாக வர வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி வந்தால் நூல் இன்னும் தட்டுக்குள் இல்லை.

தொடங்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் நுனியையும் மூன்று நாலு தையலுக்குப் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பொபின் கேஸ்களை எறிய வேண்டாம், அவை நல்ல சாமான்.

மேல்நூலை இறுக்கும் டென்சன் குமிழை எந்த இலக்கத்தில் வைக்க வேண்டும்? (மானிப்பாய்)

0 முதல் 9 வரை இலக்கம் போட்ட வீட்டு மெசின் என்றால் 4இல் தொடங்குங்கள். அதற்கு மேல் இலக்கத்தைப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டுத் தைக்கும் துணியின் வெட்டுத்துண்டிலேயே ஓட்டிப் பாருங்கள். அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் தளர்வு, மேலே வெள்ளை தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். இரண்டு நூலும் துணியின் நடுவுக்குள் கொளுவிக்கொள்ள வேண்டும், வெளியே தெரியக்கூடாது.

நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து குவில்ட் (பஞ்சு வைத்த போர்வை) தைக்கிறோம். கனடாவில் இருக்கும் சித்தி தான் பாவித்த லோங்-ஆர்ம் மெசினை அனுப்பினார். நேர்கோட்டில் தையல் நன்றாக விழுகிறது. வளைவு வந்தால் அடிப்பக்கத்தில் மேல்நூல் சின்னச் சின்ன மயிர் மாதிரி இழுபட்டு நிற்கிறது. குமிழை முடியுமட்டும் இறுக்கியும் மாறவில்லை. (கோண்டாவில்)

கோண்டாவில் பக்கத்தில்தானே என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே போய்ப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காக: இந்த மெசினில் துணி நகராது. மேல்துணி, நடுவில் பஞ்சுத்தட்டு, அடித்துணி மூன்றும் நீளமான சட்டத்தின் உருளைகளில் சுற்றி விரிந்திருக்கும். மெசின்தான் தண்டவாளத்தில் ஓடும். இரண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கோலம் போடுவது போல அதை நாலு பக்கமும் நகர்த்தித் தைக்க வேண்டும். மெசினின் கை நீளம் 18 அங்குலத்திலிருந்து 30 அங்குலம் வரை வரும். நம்மூரில் இதைக் காண்பது அபூர்வம். எனக்கே போன இடத்தில் சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானைக் கண்ட மாதிரித்தான் இருந்தது.

வளைவில் அந்த மயிர் ஏன் வருகிறது? ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு குளக்கட்டின் வளைவில் நடந்து பாருங்கள். கயிறு உங்களோடு வளைந்து வராது, குறுக்கே நேராகப் போகும். கீழ்நூலும் அப்படித்தான். அது இறுக்கமாகவும் மேல்நூல் தளர்வாகவும் இருந்தால், கீழ்நூல் குறுக்குவழியில் போய், மேல்நூலின் கண்ணிகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கண்ணிகள்தான் உங்களுக்கு மயிர் மாதிரித் தெரிந்தவை. வெளிநாட்டில் குவில்ட் தைக்கிறவர்கள் இதை இமைமயிர் என்றே சொல்கிறார்கள்.

அப்படியென்றால் குமிழை இறுக்கியதும் சரிவந்திருக்க வேண்டுமே? இந்த மெசினில் மேல்நூல் ஒரு சின்னச் சில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. குமிழ் இறுக்குவது அந்தச் சில்லைத்தான். சில்லின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துவிட்டு, ஊசிப் பக்கத்தில் இருந்து நூலை இழுக்கச் சொன்னேன். நூல் வந்துகொண்டே இருந்தது, புள்ளி அசையவில்லை. நூல் சில்லைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. சில்லே சுழலாதபோது குமிழை எவ்வளவு திருகி என்ன? சில்லின் பள்ளத்தில் இறுகிக் கிடந்த பஞ்சுத்தூசியைப் பல்துலக்கும் தூரிகையால் எடுத்தோம். நூலை ஒன்றரைச் சுற்று சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துப் பள்ளத்துக்குள் இழுத்து உட்கார வைத்தோம். புள்ளி சுழன்றது.

உடனே தைக்க விடவில்லை. குமிழ் முழுக்க இறுக்கிக் கிடக்கிறதே, அப்படியே ஓட்டினால் நூல் பட்டென்று அறும். குமிழை நன்றாகத் தளர்த்திவிட்டுக் கீழ்நூலில் இருந்து தொடங்கினோம். லோங்-ஆர்மில் எப்போதும் கீழ்நூலை முதலில் சரிசெய்து, அதற்கேற்ப மேல்நூலை வையுங்கள். பொபின் கேஸின் பக்கத்தில் ஒரு தகடு ஸ்பிரிங் இருக்கும். அதற்கடியில் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையை விட்டு இழுத்தேன். நரைத்த பஞ்சு ஒரு பாம்புக்குட்டி மாதிரி வெளியே வந்தது. அந்தத் துகள் ஒன்றே கீழ்நூலின் இறுக்கத்தை மாற்றப் போதும். பிறகு பொபினைக் கேஸுக்குள் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டேன். கேஸ் அப்படியே தொங்க வேண்டும். கையை மெல்ல உதறினால் சிலந்தி இறங்குவது போல இரண்டு மூன்று அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் தளர்வு, உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். ஸ்குரூவைத் திருப்புவதென்றால் மணிக்கூட்டின் பெரிய முள் ஐந்து நிமிடத்தில் நகரும் அளவுதான் ஒரு தடவைக்கு. அந்த ஸ்குரூ கடுகளவுதான். கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு திருப்புங்கள்.

அதன் பிறகு மேல்நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, குவில்டின் ஓரத்தில் வெட்டிவிடப் போகும் அடித்துணியில் சின்ன வட்டங்களாகத் தைத்துப் பார்த்தோம். நேர்கோடு பொய் சொல்லும், சோதிக்க வட்டம்தான் சரி. வட்டம் இரண்டு பக்கமும் சுத்தமாக வந்தது. அடிப்பக்கத்தை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகத்துக்குக் கீழ்நூல் கம்பி இழுத்த மாதிரி நேராகத் தட்டுப்பட்டால் மேல்நூல் இன்னும் தளர்வு.

ஒரு குறை மட்டும் மிஞ்சியது, அது மெசினில் இல்லை. வளைவுகளில் நீங்கள் கையை வீசி ஓட்டுகிறீர்கள். கைவேகத்துக்கு ஏற்ப மோட்டார் தானே வேகம் மாறும் வசதி உங்கள் மெசினில் இல்லை. ஆகவே வளைவில் கையை நிதானமாக்குங்கள்.

கடைசியாகக் கரண்ட். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நீங்கள் டிரான்ஸ்போமர் போட்டிருப்பது நல்லது, ஆனால் அது வோல்டை மட்டும்தான் மாற்றும். வேறு யாருக்காவது வெளிநாட்டு மெசின் வந்தால், பிளக்கைச் செருக முன் மோட்டார்த் தகட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

கோன் நூல் (கூம்பில் சுற்றிய நூல்) பாவிக்கிறேன். காலையில் ஒழுங்காக ஓடும் மெசின் மத்தியானத்துக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் நூலை அறுக்கிறது. இறுக்கத்தைக் குறைத்தும் பலனில்லை. (கொக்குவில்)

மத்தியானத்துக்குப் பிறகு என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஃபேன் மேல். இல்லாவிட்டால் யன்னல். சோளகம் வீசும் நாட்களில் கோனுக்கும் மேலே உள்ள வளையத்துக்கும் இடையில் தொங்கும் நூல் காற்றில் ஆடி, தண்டில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். அந்த ஒரு சுற்றே அறுக்கப் போதும். அறுந்த இடத்தில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. நூல் அறும் கணத்தில் கோனைப் பாருங்கள்.

ஸ்டாண்டையும் ஒருக்கால் கவனியுங்கள். வளையம் கோனின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். உயரம் கோனின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால் நூல் சிக்கில்லாமல் கழரும். குறுக்காகச் சுற்றிய கோன் நூலை மேல்நோக்கி எடுக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக நேராகச் சுற்றிய சின்னக் கட்டை என்றால் அது படுத்திருந்து உருள வேண்டும். அதை நிமிர்த்தி வைத்து மேலே இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். வழுக்குகிற பொலியெஸ்டர் நூல் கோனின் அடியில் சரிந்து விழுந்தால் ஒரு வலையுறை போடுங்கள். வெங்காயம் வாங்கும் வலைப்பையில் வெட்டிய துண்டையே நான் போட்டிருக்கிறேன், வேலை செய்கிறது.

இவையெல்லாம் சரியென்றால் நூலைச் சந்தேகியுங்கள். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். வெயில் படும் தட்டில் வருடக்கணக்காக இருந்த கொட்டன் நூல் சத்தமில்லாமல் அறும். ஊசிக் கண்ணுக்குள் ஒரே துண்டு நூல் பல பத்துத் தடவை மேலும் கீழும் போய்வந்த பிறகுதான் தையலாகிறது. உக்கின நூல் அதைத் தாங்காது.

கடை மெசின், வேகமாகத் தைத்து நிறுத்தும்போதெல்லாம் பொபின் நூல் உள்ளே குழம்புகிறது. (சாவகச்சேரி)

நீங்கள் நிறுத்திய பிறகும் பொபின் சுழன்றுகொண்டிருக்கிறது. கேஸுக்குள் அதைத் தடுக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று இருக்க வேண்டும். தேய்ந்திருக்கும், அல்லது யாரோ துப்புரவு செய்யும்போது தொலைத்திருப்பார்கள். புதிது போடுங்கள். பொபினை விளிம்பு வழியும் அளவுக்குச் சுற்றாதீர்கள்.

அம்மம்மாவின் கால் மெசின். நன்றாக இருந்தது. தேங்காயெண்ணெய் விட்ட பிறகு சக்கரம் பாரமாகிவிட்டது, தையலும் ஒன்று நீளம் ஒன்று கட்டை. (அளவெட்டி)

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது, செய்தது நான்தான். பதினாலு வயதில் அம்மாவின் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, அடுத்த மாதமே சக்கரம் பிசின் வைத்த மாதிரி இறுகி, நல்ல ஏச்சு வாங்கினேன். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். நூலை இழுக்கும் லீவரும் துணியை நகர்த்தும் பல்லும் அதில் ஒட்டிப் பிந்துவதால்தான் உங்கள் தையல் ஒழுங்கில்லை.

எண்ணெய் விடும் துளைகள் எல்லாவற்றிலும் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல், பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மிதியுங்கள். கறுத்த அழுக்கு ஊறி வரும், துடையுங்கள். ஒரு இரவு விட்டு மறுபடி செய்யுங்கள். லேசாக ஓடத் தொடங்கியதும் மெசின் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெயோடு விட்டுவிட்டால் இரும்பு வறண்டு தேயும். டென்சன் தட்டுகளில் மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது. பட்டிருந்தால் வெறும் துணியால் துடைத்து எடுங்கள். அந்த மெசினை விற்கும் யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஊசிகள் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கின்றன. (வேலணை)

கடற்காற்று. மூடி இறுகும் போத்தலில், எண்ணெய் தொட்ட துணித்துண்டோடு வையுங்கள். துருவேறிய ஊசியை மண்ணில் குத்திக் குத்தி மினுக்கித் திரும்பப் போடாதீர்கள். அது நூலை அரம் மாதிரி அராவும்.

லோங்-ஆர்மில் இடமிருந்து வலமாக ஓட்டினால் தையல் விழுகிறது, வலமிருந்து இடமாக ஓட்டினால் தவறுகிறது. (மறுபடியும் கோண்டாவில்)

போன கிழமை வந்தபோது சொல்லியிருக்கலாமே, தங்கச்சி! ஒரு பக்கத்துக்கு மட்டும் தையல் தவறினால் முதலில் ஊசியைப் பாருங்கள். வீட்டு மெசின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை, பெரும்பாலும் பிழையாகப் போட முடியாது. உங்கள் மெசினின் ஊசித்தண்டு உருண்டை. அது எந்தப் பக்கமும் திரும்பி நிற்கும். நீளப் பள்ளம் உங்களைப் பார்க்க, கண்ணுக்கு மேலே உள்ள குழி பின்பக்கம் கொக்கியைப் பார்க்க நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் கொக்கி ஒரு பக்கத்தில் கண்ணியைத் தவறவிடும். பழைய கரண்ட் வயரில் இருந்து ஒரு மெல்லிய செப்பிழையை எடுத்து ஊசிக்கண்ணுக்குள் விடுங்கள். இழை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றால் ஊசி சரி. ஊசியைக் கடைசிவரை மேலே தள்ளிவிட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். 14 போட்டிருந்தால் 16க்கு மாறுங்கள். மெல்லிய ஊசி நீங்கள் இழுக்கும் பக்கம் வளைந்துகொடுக்கும்.

அடுத்தது சட்டம். துணியைப் பறைமேளம் மாதிரி இழுத்துக் கட்டியிருந்ததை அன்றே பார்த்தேன், சொல்ல மறந்துவிட்டேன். அடியில் இருந்து விரலால் தள்ளினால், மேலே உள்ள கை அந்த விரல்நுனியைத் துணியோடு பிடிக்கக்கூடிய அளவு தளர்வு வேண்டும். இரண்டும் செய்தும் தவறினால் கொக்கி ஊசியைச் சந்திக்கும் நேரம் விலகியிருக்கிறது. அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டியதும் வருகிறேன், செப்பிழையை ஊசியிலேயே விட்டு வையுங்கள்.