மன்ஷிங்கில் வீடு எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். வேலை ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரத்தில், வீடு கிடைத்திருப்பது பக்கத்து மன்ஷிங்கில், மனைவி குழந்தையோடு அங்கே இருக்க முடியுமா என்பது ஒன்று. வீட்டு ஒப்பந்தத்தில் 'மார்க்ட் மன்ஷிங்' என்று போட்டிருக்கிறதே, அது கிராமமா, டவுனா, அங்கே என்னதான் இருக்கிறது என்பது இன்னொன்று. நான் இந்தப் பக்கமே ரொம்ப வருடமாகக் குடியிருப்பவன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். வீட்டைத் தாராளமாக எடுங்கள். ஆனால் இங்கோல்ஸ்டாட்டில் இடம் கிடைக்காததால் ஒதுங்கிய புறநகர் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கோல்ஸ்டாட் என்று ஒரு ஊர் உருவாவதற்கு முன்பே பெரிய நகரம் இருந்த மண் இது. அது தெரிந்து வந்தால் இருப்பும் சுலபமாக இருக்கும்.

முதலில் அந்த 'மார்க்ட்'. இந்த ஊர்கள் இருக்கும் பவேரியா மாநிலத்தில் கிட்டத்தட்ட 2,050 உள்ளாட்சிகள் இருக்கின்றன, அவற்றில் 380-க்கும் மேற்பட்டவை மார்க்ட். பழைய காலத்தில் சந்தை கூட்டும் உரிமையை ஆண்டவர்கள் சில ஊர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், அந்த உரிமை உள்ள ஊர் கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவில் நின்றது. இன்றைக்கு அது ஒரு கௌரவப் பட்டம், அவ்வளவுதான். வரியோ சட்டமோ அதனால் மாறாது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை உண்டு. மன்ஷிங்கில் 12,000-க்கு மேல் ஜனத்தொகை, சொந்த மேயர், சொந்த மன்றம், சொந்த ராட்ஹவுஸ், அதாவது நகராட்சி அலுவலகம்.

இதில் உங்களுக்கு உடனடியாக உறைக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கோல்ஸ்டாட் எந்த மாவட்டத்திலும் சேராத தனி நகரம். மன்ஷிங் அதற்கு ஒட்டினாற்போல் தென்கிழக்கே இருந்தாலும் பஃபன்ஹோஃபன் மாவட்டத்தில் வருகிறது. ஆகவே குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவை மன்ஷிங் ராட்ஹவுஸில் செய்ய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச்சீட்டு இல்லாமல் போகாதீர்கள். விசா, புளூ கார்டு (வேலைக்கு வந்தவர்களுக்கான தங்கும் அனுமதி) விஷயமெல்லாம் இங்கோல்ஸ்டாட்டில் நடக்காது, 25 கிலோமீட்டர் போல தெற்கே இருக்கும் பஃபன்ஹோஃபன் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் கம்பெனி நண்பர்கள் இங்கோல்ஸ்டாட் அலுவலகத்தின் படிவத்தையும் முகவரியையும் அன்போடு அனுப்பி வைப்பார்கள், அதை நம்பி அங்கே வரிசையில் நின்று நேரத்தை விடாதீர்கள். கார் வாங்கினால் நம்பர் பிளேட்டும் பஃபன்ஹோஃபன் எழுத்துகளோடுதான் வரும்.

சரி, ஊரின் அமைப்பு. டான்யூப் ஆற்றின் தெற்குச் சமவெளி, தட்டையான நிலம், ஊருக்குள் பார் என்ற சின்ன ஆறு ஓடி டான்யூப்பில் சேர்கிறது. இன்னும் தெற்கே போனால் ஹாலர்டாவ் மேடுகள் தொடங்கும், பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடிகளை உயரமான கம்பங்களில் கம்பி கட்டி ஏற்றியிருப்பார்கள், கோடையில் பச்சைச் சுவர் சுவராக நிற்கும். இங்கே இலையுதிர் காலத்தில் டான்யூப் பள்ளத்தாக்கின் மூடுபனி நாள்கணக்கில் விலகாது, முதல் வருடம் மனைவிக்கு அது கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மியூனிக் 70 கிலோமீட்டர் அளவில், ஏ9 நெடுஞ்சாலையில் மன்ஷிங் என்றே ஒரு இறங்குவழி இருக்கிறது.

இந்தத் தட்டை நிலத்தில்தான் கிறிஸ்துவுக்கு முந்தைய மூன்றாம் நூற்றாண்டில் கெல்ட் என்ற பழங்கால ஐரோப்பிய இனத்தவர் குடியேறினார்கள். ஏன் இங்கே என்று யோசித்துப் பார்த்தால் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. டான்யூப்பின் ஒரு கிளை அப்போது ஊரை ஒட்டி ஓடியது, படகுகளுக்குத் துறை கிடைத்தது. கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் போகும் வணிகப் பாதைகள் இங்கே சந்தித்தன. சுற்றியிருந்த சதுப்பு நிலத்தில் இரும்புத் தாது கிடைத்தது. ஊர் வளர்ந்து வளர்ந்து 380 ஹெக்டேர் ஆனது. அதைச் சுற்றி 7.2 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில்: மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, இரும்பு ஆணி அறைந்து, இடையில் கல்லும் மண்ணும் நிரப்பி, முகப்பில் கல் வைத்துக் கட்டியது. உச்சத்தில் 5,000 முதல் 10,000 பேர் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நாணயம் அடித்தார்கள், கண்ணாடி வளையல் செய்தார்கள், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மதுச்சாடிகள் வந்தன. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் வணிகம் தளர்ந்து ஊர் தேய்ந்துவிட்டது, கி.மு. 15-இல் ரோமானியப் படை ஆல்ப்ஸ் கடந்து வந்தபோது பிடிப்பதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. அப்புறம் ரோமானியர்களே இன்று மன்ஷிங்கோடு சேர்ந்துவிட்ட ஓபர்ஸ்டிம்மில் ஒரு கோட்டை கட்டினார்கள்.

மதிலின் மிச்சம் இன்றும் மரம் முளைத்த மண்மேடாக நிற்கிறது, குழந்தையோடு நடந்து போகலாம். ஆனால் பெரும்பகுதி போய்விட்டது. 1936 முதல் 1938 வரை நாஜி அரசு விமானப்படைத் தளம் கட்டியபோது பழைய நகரத்தின் நடுவிலேயே மண்ணைப் புரட்டிப் போட்டார்கள். முறையான அகழாய்வு 1955-இல்தான் தொடங்கியது. எனக்கு இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறுவதில்லை, ஐரோப்பாவிலேயே அதிகம் ஆராயப்பட்ட கெல்ட் நகரங்களில் இது ஒன்று, அப்படியிருந்தும் தோண்டிப் பார்த்தது ஒரு சிறு பங்குதான், ஓடுதளத்துக்காக அழிந்ததை இனி யாரும் படிக்க முடியாது.

அந்தத் தளம்தான் இன்றைய விமான நிலையம். ராணுவத்தின் விமானச் சோதனை மையமும் ஏர்பஸ் தொழிற்சாலையும் அங்கேதான், யூரோஃபைட்டர் போர்விமானம் முதன்முதலாக 1994 மார்ச் 27 அன்று பறந்ததும் இங்கிருந்துதான். ஊரில் நிறையப் பேருக்கு அங்கே வேலை. உங்களுக்கு இதன் பொருள் என்னவென்றால் வேலை நாட்களில் ஜெட் சத்தம் இருக்கும், சின்னக் குழந்தை பகலில் தூங்கும் வயது என்றால் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வேலை நாளில் பகல் நேரத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இன்னொன்று, தளத்தில் பல காலம் பயன்படுத்திய தீயணைப்பு நுரையால் பிஎஃப்ஏஎஸ் என்ற, எளிதில் சிதையாத ரசாயனம் நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. மன்ஷிங்கைச் சேர்ந்த வெஸ்டன்ஹவுசன், லிண்டாக் பக்கம் அதன் பாதிப்பு உண்டு. குழாய்த் தண்ணீர் வேறு, அது சோதிக்கப்பட்டு வருகிறது. ஆனால் வீட்டுத் தோட்டத்தில் சொந்தக் கிணறோ கைபம்போ இருந்தால் காய்கறிக்கு ஊற்றுவதற்கு முன் ராட்ஹவுஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் பார் ஆறு கரை உடைத்து இந்த மாவட்டத்தையே கலங்கடித்தது. வீடு ஆற்றுக்குப் பக்கமா, நிலவறையில் தண்ணீர் ஏறியதா என்று வீட்டுக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், இங்கே அது தப்பான கேள்வி இல்லை. வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு எடுக்கும்போது இயற்கைச் சீற்றத்துக்கான கூடுதல் பிரிவையும் சேர்த்து எடுங்கள், சாதாரணக் காப்பீட்டில் வெள்ளம் வராது. ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ், பட்டுப்புடவையை நிலவறை அலமாரியில் வைக்காதீர்கள்.

நாலைந்து வருடம் கழித்து மனை வாங்கும் எண்ணம் வந்தால் இதையும் நினைவில் வையுங்கள். பழைய நகரம் இருந்த பகுதி தொல்லியல் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே அஸ்திவாரம் தோண்ட அனுமதி வேண்டும், அகழாய்வு தேவைப்பட்டால் அதன் செலவு பெரும்பாலும் கட்டுகிறவர் தலையில்தான் விழும். மனை விலை குறைவாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கெல்ட் ரோமன் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள், 2006-இல் திறந்தது. ஓபர்ஸ்டிம்மில் 1986-இல் தென்பட்டு 1994-இல் தோண்டியெடுத்த இரண்டு ரோமானியப் படகுகள் அங்கே இருக்கின்றன, சுமார் கி.பி. 100 காலத்தவை. கிட்டப் போய்ப் பலகைகளின் விளிம்பைப் பாருங்கள்: ஒரு பலகையின் பக்கவாட்டில் துளை வெட்டி, மரத் துண்டைச் செருகி, அடுத்த பலகையைப் பொருத்தி, மேலே ஆப்பு அடித்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் தச்சர்களின் வேலைமுறை அது, ஆல்ப்ஸுக்கு இந்தப் பக்கம் ஆற்றங்கரைச் சேற்றில் கிடைத்திருக்கிறது. தங்க இலை போர்த்திய சின்ன மரக்கிளை ஒன்றும் உண்டு, 1984-இல் கிடைத்தது, அதில் வெண்கலத்தில் செய்த, ஐவி என்ற படர்கொடியின் இலைகள்.

ஆனால் 1999-இல் கிடைத்த 483 தங்க நாணயங்களை நீங்கள் பார்க்க முடியாது. 2022 நவம்பர் 22 அதிகாலை, தொலைபேசி கேபிள்களை வெட்டி ஊரின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒன்பது நிமிடத்தில் உள்ளே போய் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருடம் ஆட்களைப் பிடித்தார்கள், நாணயங்களில் ஒரு பங்கு உருக்கிய கட்டிகளாகத்தான் கிடைத்தது. ஊரில் வயதானவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வீட்டு நகை போனது போலவே சொல்வார்கள்.

ஊர்க்காரர்களோடு பழகுவதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரக் கடைசியில் ஓபர்ஸ்டிம்மில் பார்தல்மார்க்ட் திருவிழா நடக்கும். திங்கட்கிழமை விடியும்முன்பே குதிரைச் சந்தை கூடும், பீர் கூடாரங்களும் அந்நேரத்துக்கே திறந்துவிடும், குடிக்காதவர்களும் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு குதிரை பார்க்க வருவார்கள். அந்தத் திங்கள் காலை பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள், ஒரு வருடம் படியில் வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட அந்த ஒரு காலையில் அதிகம் பழகலாம்.

வீடு மன்ஷிங் ஊருக்குள்ளா, ஓபர்ஸ்டிம்மா, வெஸ்டன்ஹவுசனா என்று எழுதுங்கள். முழு முகவரி வேண்டாம், பகுதி தெரிந்தால் போதும், பஸ் வசதியையும் கிண்டர்கார்டனையும் விசாரித்துச் சொல்கிறேன். கிண்டர்கார்டனுக்கு மட்டும் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.