ரெக்டம் கேன்சர் ஆபரேஷன் பண்ணா யூரின், தாம்பத்தியம் ரெண்டும் போயிடுமா?

44 வயசு, ரெக்டம், அதாவது மலக்குடல்ல கேன்சர், மொதல்ல ரேடியேஷன் அப்புறம் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க, பக்கத்து பெட்காரர் "அதோட எல்லாம் முடிஞ்சுது, ஆயுசுக்கும் டியூப்தான்"னு பயமுறுத்திட்டாருன்னு எழுதிருக்கீங்க. தம்பி, நானும் அதே ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆளுதான், அதனால கூச்சம் பாக்காம சொல்றேன்.

விறைப்பு, விந்து வர்றது, யூரின் போறது எல்லாத்துக்கும் ஒரே நரம்பு கிடையாது. பெரிய ரத்தக்குழாய் ரெண்டா பிரியுதுல்ல, அதுக்கு முன்பக்கமா இறங்கி இடுப்புக்குள்ள வர்ற சிம்பதெடிக்ங்கற நரம்புல அடிபட்டா விறைப்பு இருக்கும், உச்சம்கூட வரும், ஆனா விந்து வெளிய வராது, இல்லன்னா பின்னாடி மூத்திரப்பைக்குள்ள போயிடும். விறைப்பும் மூத்திரப்பை சுருங்கறதும் முதுகுத்தண்டோட அடியில எஸ்2ல இருந்து எஸ்4 வரைக்கும் வர்ற இன்னொரு செட்டு நரம்போட வேலை. ஆக ஒன்னு போனா எல்லாம் போச்சுன்னு இல்ல.

முன்னாடி எல்லாம் உள்ள கையை விட்டு பிரிச்சு எடுப்பாங்க, நரம்பும் சேந்து பிஞ்சு வந்துரும். 1982ல இங்கிலாந்து பேசிங்ஸ்டோக்ல பில் ஹீல்ட்ங்கற சர்ஜன், ரெக்டத்தை சுத்தியிருக்கற கொழுப்புக்கு ஒரு மெல்லிசு உறை இருக்கு, அது கிழியாம அதுக்கு வெளிய ஒட்டியே கண்ணால பாத்து பிரிச்சா கேன்சர் திரும்ப வர்றது குறையுதுன்னு எழுதினாரு. டிஎம்ஈன்னு சொல்றது இதத்தான். நரம்பு அந்த உறைக்கு அந்தப்பக்கம் இருக்கறதால அதுவும் தப்பிக்குது. ஆனா கட்டி ரொம்ப கீழ இருந்தா, அதுவும் முன்பக்கம் ப்ராஸ்டேட்ட ஒட்டி இருந்தா, இல்ல பக்கவாட்டுல நெறிகட்டி எடுக்க வேண்டியிருந்தா ரிஸ்க் ஜாஸ்திதான், கட்டி நரம்பையே பிடிச்சிருந்தா சர்ஜன் நரம்பையும் சேத்து எடுத்துதான் ஆகணும், அதுல கோவப்பட ஒன்னுமில்ல, உயிரு மொதல்ல.

நீங்க இப்பவே கேக்க வேண்டியது இருக்கு, ஏன்னா நாம வாயத் தொறக்காம இந்த பேச்சு எங்கயும் வர்றதில்ல. எனக்கு எங்க வீட்லதான் டாக்டர்ட்ட பட்டுனு கேட்டாங்க, நான் செவுத்த பாத்துட்டு உக்காந்திருந்தேன். எம்ஆர்ஐல கட்டி எந்தப்பக்கம், நரம்பை காப்பாத்தி கட்டிய எடுக்க முடியுமான்னு கேளுங்க. ரேடியேஷன் கண்டிப்பா வேணுமான்னும் கேளுங்க, அதுவே தாம்பத்திய பிரச்சனைய கூட்டலாம். 2023ல வந்த ப்ராஸ்பெக்ட்ங்கற மருத்துவ ஆய்வுல, கட்டி ரொம்ப முத்தாத ஆளுங்களுக்கு கீமோ குடுத்து நல்லா சுருங்குனா ரேடியேஷன் இல்லாமயே ஆபரேஷன் பண்ணதுல ரிசல்ட் ஒன்னும் மோசமாகல. எல்லாருக்கும் பொருந்தாது, உங்களுக்கு பொருந்துமான்னு அவங்கதான் சொல்லணும். குழந்தை வேணும்னா ரேடியேஷன், கீமோவுக்கு முன்னாடியே விந்து சேமிச்சு வச்சுடுங்க. யூரின் எவ்ளோ வேகமா போகுதுன்னு பாக்கற யூரோஃப்ளோ டெஸ்ட், யூரின் போனப்புறம் மிச்சம் எவ்ளோ நிக்குதுன்னு ஒரு ஸ்கேன், இதெல்லாம் முன்கூட்டி எடுத்தாதான் பின்னாடி ஒப்பிட முடியும்.

ஆபரேஷன் முடிஞ்சு டியூப் எடுத்ததும் எனக்கு சொட்டு சொட்டாதான் வந்துச்சு, திரும்ப டியூப் போட்டே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு எடுத்தப்போ தானா போச்சு. போகாதவங்களுக்கு தானே சின்ன டியூப் விட்டு எடுத்துக்க நர்ஸ் சொல்லிக்குடுப்பாங்க, பழகிடும். முட்டுற உணர்வு மந்தமா இருக்கும், அதனால கடிகாரம் பாத்து போங்க, மூத்திரப்பை ரொம்ப விரிஞ்சா அப்புறம் சுருங்காது.

தாம்பத்தியம் மெதுவாதான் திரும்பும். அறுபடாம இழுபட்ட நரம்பு தேற மாசக்கணக்குல ஆகும், வருஷம் தாண்டியும் தேறுது. சில்டெனாஃபில், டடாலாஃபில் நெறைய பேருக்கு வேலை செய்யுது, இல்லன்னா வேக்யூம் பம்ப், ஊசி, கடைசியா இம்ப்ளான்ட் இருக்கு. வயித்துல மலம் சேர்ற பை மாட்டியிருக்கறப்போ மனசே வராது, அத நரம்பு கோளாறுன்னு முடிவு கட்டிடாதீங்க. மாத்திரைய மட்டும் மெடிக்கல்ல நீங்களா வாங்கிடாதீங்க, நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் எடுக்கறவங்களுக்கு பிரஷர் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். அதே மாதிரி யூரின் அடைச்சு அடிவயிறு கல்லாட்டம் ஆனாலோ காய்ச்சல் வந்தாலோ ரிவ்யூ தேதிக்கு காத்திருக்காம அன்னைக்கே போயிடுங்க.