மீத்திறன் டெஸ்ட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

சின்னக் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை (ஐ.க்யூ. டெஸ்ட்) எடுப்பது என் தொழில். வயதை மீறிய திறனுள்ள பிள்ளையைத்தான் மீத்திறன் குழந்தை என்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

*மகனுக்கு மூன்று வயது. சரளமாகப் படிக்கிறான். இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா?*

எடுக்கலாம். அதிகம் புழங்கும் இரண்டு டெஸ்டுகளில், வெக்ஸ்லரின் மழலையர் பதிப்பு இரண்டரை வயதிலேயே தொடங்குகிறது, ஸ்டான்ஃபோர்ட்-பினே இரண்டு வயதில். எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்? பள்ளி சம்பந்தமாக முடிவெடுக்க வேண்டியிருந்தால் சரி. சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றால் ஆறு வயது தாண்டட்டும். இந்த வயதில் வரும் எண் நிலையாக நிற்காது. ரொம்ப உயரத்தில் வந்த எண் அடுத்த முறை கொஞ்சம் இறங்குவதுதான் வழக்கம். பிள்ளை மந்தமாகிவிட்டான் என்று அப்போது என்னிடம் அழுதுகொண்டு வராதீர்கள்.

*மகளுக்கு 128. பள்ளி கேட்பது 130. இரண்டு பாயிண்ட்டில் போய்விட்டதே!*

போகவில்லை. சராசரி 100, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஸ்கோர்கள் சிதறும் அளவு) 15. அந்தக் கணக்கில் 130-ஐத் தொடுபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் சொச்சம். ஆனால் எந்த ஸ்கோருக்கும் இரண்டு பக்கமும் ஐந்தாறு புள்ளி வீச்சு உண்டு. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 128-க்கும் 131-க்கும் நடுவில் இருப்பது பள்ளி போட்ட கோடு, அவ்வளவுதான்.

ஒரு எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். என்னிடம் டெஸ்டுக்கு வந்த ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி, படத்தில் உள்ளதைப் போலச் செய்ய வேண்டும். கடகடவென்று அடுக்கிவிட்டாள். அடுத்த நொடி ஒரு கட்டையை உருவி, "இதுல கீறல் இருக்கு, வேற குடுங்க" என்றாள். ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். விதி அது, நான் மாற்ற முடியாது. ஆனால் நடந்ததை ரிப்போர்ட்டில் எழுதினேன். அதனால்தான் மொத்த எண்ணை விட்டுவிட்டு, பிரிவுவாரி ஸ்கோரையும் சோதனை நடத்தியவரின் குறிப்பையும் படியுங்கள் என்கிறேன்.

*வீட்டில் மாதிரிக் கேள்விகள் பழக்கலாமா?* (பதினொரு பேர்)

கூடாது. கண் டாக்டரின் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்தால் பார்வை கூடிவிடுமா?

*கூடாது என்பது யாருக்கு சார்? புதிர் விளையாட்டும் கட்டையும் வாங்கித்தர வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பழகித்தானே வருகிறார்கள்? நான் பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். இல்லாதவர்களுக்கு அதைக் கொடுத்தால் மோசடியா?*

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வகுப்புக்கு வருவதும் கட்டணம் கட்ட முடிந்தவர்கள்தானே? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் டெஸ்ட் என்பதை மாற்றி, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எல்லோருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தது. அதுவரை யார் கண்ணிலும் படாத ஏழைக் குழந்தைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் குழந்தைகளும் மீத்திறன் வகுப்புகளுக்குக் கணிசமாக வந்தார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது. பயிற்சி கொடுத்து வந்த மாற்றமில்லை. எல்லோரையும் உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான்.

*அப்படியென்றால் ரேவன் மாதிரி, சொல்லே இல்லாத படச் சோதனை போதுமே? அதில் வீட்டுச் சூழலுக்கு இடமில்லையே.*

இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் நுண்ணறிவு ஸ்கோர் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி ஏறிக்கொண்டே வந்தது. ஃப்ளின் விளைவு என்பார்கள். அதிகமாக ஏறியதே இந்தப் படக் கட்டங்களில்தான். சூழல் தொடாத சோதனை என்றால் தலைமுறைக்குத் தலைமுறை ஏன் ஏற வேண்டும்? இதற்கு நீங்கள் பதில் எழுதினால் படிக்கிறேன். வகுப்பு விளம்பரம் மட்டும் வேண்டாம்.

*இணையத்தில் இலவச டெஸ்ட்?*

பொழுதுபோக்கு.

*எந்த டெஸ்டில் மார்க் அதிகம் வரும்?*

அடுத்த கேள்வி.

*மகன் ஒரு நிமிடம் உட்காரமாட்டான். மீத்திறனா, கவனக்குறைபாடா?*

இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் போங்கள். எழுத்தில் சொல்ல முடியாது.

*தேர்வாகாத குழந்தையின் எதிர்காலம்?*

1921-இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் மீத்திறன் குழந்தைகளைத் தேடி ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்தார், ஆயுள் முழுக்கப் பின்தொடர. சோதனையில் தேறாமல் வெளியே நின்ற இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். 1956-இலும் 1968-இலும் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். இத்தனைக்கும் 1905-இல் உளவியலாளர் பினே (ஸ்டான்ஃபோர்ட்-பினேவில் வரும் அதே பினே) பாரிஸில் முதல் சோதனையைச் செய்ததே, படிப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. மேதைகளைப் பொறுக்க அல்ல.

*உடனே மறுபடி எடுத்தால்?*

ஒரு வருடமாவது போகட்டும். அதற்குள் எடுத்தால் பழக்கத்தில் ஸ்கோர் ஏறும்.

*எங்கள் மகனுக்கு 127. மூன்று பாயிண்ட்டில்...*

மேலே 128-க்கு எழுதியிருக்கிறேன்.