மாலையில் 188, காலையில் 231: பிழை மீட்டரிலா, லைனிலா?

கேள்வி: மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறோம். மாலை ஏழு மணிக்கு மேல் விளக்குகள் மங்குகின்றன, பிரிட்ஜ் முனகுகிறது. ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிப் பிளக் பாயிண்டில் பார்த்தேன். மாலையில் 188 வோல்ட், காலை பதினொரு மணிக்கு 231, நள்ளிரவில் 243 என்று காட்டுகிறது. ஒரு மாலை நண்பர் தம்முடைய மீட்டரை அதே பிளக்கில் வைத்தபோது 201 காட்டியது. இரண்டில் எது சரி? என் மீட்டர் பழுதா? வீட்டிலிருந்தபடியே அதைச் சோதிக்க வழி உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. மீட்டர் துல்லியமானதா என்பது ஒன்று. வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஏன் ஏறி இறங்குகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாவிட்டாலும் இரண்டாவதைப் பற்றி இப்போதே ஒன்று சொல்லிவிடலாம். மீட்டரின் பிழை நேரம் பார்த்து வருவதில்லை. பத்து வோல்ட் குறைத்துக் காட்டும் மீட்டர் காலையிலும் ஏறத்தாழ அதே அளவு குறைத்துத்தான் காட்டும். ஆகவே காலைக்கும் மாலைக்கும் இடையே நீங்கள் கண்ட நாற்பத்து மூன்று வோல்ட் வித்தியாசம் பெரும்பாலும் லைனில் உள்ள குறையே. உண்மையான அளவு 188-ஆ, 195-ஆ என்பது மட்டுமே மீட்டரைப் பொறுத்தது.

வோல்டேஜ் என்றால் என்ன என்பதை விளக்க உங்கள் நீலகிரி மலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா திட்டத்தில், மேலே தேக்கிய நீர் ஏறத்தாழ 3,000 அடி கீழே இருக்கும் சிங்காரா மின்நிலையத்துக்குக் குழாய்களில் இறங்குகிறது. அந்த உயரத்தால் நீருக்குக் கிடைக்கும் அழுத்தம்தான் வோல்டேஜுக்கு ஒப்பு. குழாயில் நொடிக்கு எவ்வளவு நீர் ஓடுகிறது என்பது ஆம்பியருக்கு ஒப்பு. கணக்காகச் சொன்னால், ஒரு கூலூம் அளவு மின்னூட்டம் இரு புள்ளிகளுக்கிடையே நகரும்போது ஒரு ஜூல் ஆற்றல் கிடைத்தால் அவற்றுக்கிடையே உள்ள மின்னழுத்தம் ஒரு வோல்ட். அழுத்தம் எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையிலானது. மீட்டருக்கு இரண்டு கம்பிகள் இருப்பதன் காரணமும் அதுவே.

மேட்டுத் தொட்டியிலிருந்து ஊருக்கு வரும் குடிநீர்க் குழாயையும் நினைத்துப் பாருங்கள். எல்லோரும் குழாயை மூடியிருக்கும் நள்ளிரவில் கடைசி வீட்டிலும் தண்ணீர் பீறிட்டு வரும். எல்லோரும் திறந்திருக்கும் காலை நேரத்தில் அதே வீட்டில் சொட்டும். நீர் ஓடும்போது குழாயின் உராய்வு அழுத்தத்தைத் தின்றுவிடுவதைப் போல, மின்சாரம் ஓடும்போது கம்பியின் மின்தடை வோல்டேஜைத் தின்றுவிடுகிறது. மாலைக் குளிரில் ஊர் முழுவதும் கீசரும் ஹீட்டரும் போட்டால், டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில் உள்ள வீட்டில் வோல்டேஜ் சரிவதற்குக் காரணம் இதுதான். கடைசி வீட்டுக்கும் ஓரளவு கிடைக்கட்டும் என்று டிரான்ஸ்பார்மரின் டேப்பை (அது வெளியே தரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) சற்று உயர்த்தி வைத்திருந்தால், சுமை இல்லாத நள்ளிரவில் 243 வருவதும் இயல்பே. உங்கள் பக்கத்துக் குந்தா மின்நிலையத்தின் வாசலில் இருந்துகொண்டு விளக்கு மங்குகிறதே என்று பலர் வருத்தப்படுவதுண்டு. அங்கே பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தத்தில் மாநில மின்கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வருவது துணைமின்நிலையம், டிரான்ஸ்பார்மர் எனப் படிப்படியாக இறங்கி வரும் மின்சாரம். மின்நிலையம் பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் பயன் எதுவும் இல்லை.

இப்போது மீட்டருக்கு வருவோம். கையேட்டில் துல்லியம் என்ற தலைப்பின் கீழ் ±(1.2% + 10) என்பது போன்ற ஒரு வரி இருக்கும். மலிவான மஞ்சள் நிற மீட்டர்கள் பலவற்றில் ஏசி (பிளக்கில் வரும், திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம்) வோல்டேஜுக்கு இந்த அளவே அச்சிடப்பட்டிருக்கும். 1.2% என்பது காட்டும் எண்ணில் நூற்றுக்கு 1.2, பலரும் கவனிக்காமல் விடுவது பின்னால் வரும் 10 என்ற எண்ணை. அது பத்து வோல்ட் அன்று, டிஸ்பிளேயின் கடைசி இலக்கத்தில் பத்து. 750 வோல்ட் ரேஞ்சில் (மீட்டரில் நாம் தேர்ந்தெடுக்கும் அளவு வரம்பில்) கடைசி இலக்கம் ஒரு வோல்ட் ஆதலால், அந்த ரேஞ்சில் மட்டும் அது பத்து வோல்ட் ஆகிவிடுகிறது. எனவே 188 காட்டும்போது 2.3 வோல்ட்டும் அதனுடன் பத்தும் சேர்ந்து, கூடவோ குறையவோ பன்னிரண்டு வோல்ட் வரை பிழை இருக்கலாம் என்று தயாரிப்பாளரே ஒப்புக்கொள்கிறார். நண்பரின் மீட்டரும் அதே ரகமானால் 201-க்கும் அதே கணக்குதான். உங்கள் மீட்டர்படி உண்மை அளவு 200 வரை இருக்கலாம். அவருடையதன்படி 189 வரை இறங்கலாம். ஆக, இரண்டு மீட்டர்களும் பழுதில்லாமல், சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே, பதின்மூன்று வோல்ட் வேறுபட்டு நிற்க முடியும்.

இங்கே ஒரு சிறு உபாயம் உண்டு. உங்கள் மீட்டரில் ஏசி 200 வோல்ட் ரேஞ்ச் இருக்குமானால், அந்த ரேஞ்சும் 600 அல்லது 750 வோல்ட் வரை தாங்கும் என்று கையேட்டில் உறுதி செய்துகொண்டு, மாலையில் 188 வரும்போது அதில் பாருங்கள். அதில் கடைசி இலக்கம் 0.1 வோல்ட் ஆதலால் பத்து இலக்கம் என்பது ஒரே வோல்ட். பிழை பன்னிரண்டிலிருந்து மூன்றரைக்குள் சுருங்கிவிடும். இடது ஓரத்தில் ‘1’ மட்டும் நின்றால் வோல்டேஜ் அந்த ரேஞ்சைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் முதலாவது, மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றுவது. இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் பல மலிவு மீட்டர்களில் பேட்டரி ஏறத்தாழ 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது, உள்ளே ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மின்னழுத்தமும் சரிவதால், அளவுகள் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். குன்னூரில் ஒரு வீட்டில் என் மீட்டர் 268 காட்டியதைப் பார்த்து, பிரிட்ஜ் முதல் டிவி வரை எல்லாவற்றையும் பிடுங்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பேட்டரியை மாற்றிய பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த அம்மா இன்றும் என்னைக் கண்டால் பேட்டரி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்.

அடுத்து, டிசி (பேட்டரியில் வருவது போன்ற, திசை மாறாத மின்சாரம்) வோல்ட் ரேஞ்சில் இரண்டு புரோப் முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். சுழியம் காட்ட வேண்டும். பிறகு ஒரு புதிய ஆல்கலைன் பென்டார்ச் செல்லை அளந்து பாருங்கள், 1.55-லிருந்து 1.65-க்குள் இருந்தால் மீட்டர் பெரிய தவறு எதுவும் செய்யவில்லை எனலாம். புரோப்களை இடம் மாற்றித் தொட்டால் அதே எண் கழித்தல் குறியோடு வர வேண்டும். எண்ணே மாறினால் மீட்டரின் சுழியம் நகர்ந்திருக்கிறது. மூன்று செல்களைத் தனித்தனியே அளந்து கூட்டி, பின்பு மூன்றையும் தொடராக வைத்து அளந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் இந்தக் கூட்டல் சோதனையால் ஏமாந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டும் மீட்டரும் இதில் அழகாகத் தேறிவிடும், ஏனென்றால் ஐந்து சதவீதம் நீண்டுபோன அளவுகோலுக்கும் கூட்டல் கணக்குச் சரியாகவே வரும்.

உண்மையான ஒப்பீட்டுக்கு, அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மின்னழுத்தம் வேண்டும். செல் அதற்குப் போதாது. மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டும் போதாது, அது 4.75-லிருந்து 5.25 வரை இருக்க அனுமதி உண்டு. 7805 என்ற ரெகுலேட்டர் சில்லும் நான்கு சதவீதம் வரை விலகலாம். இணையக் கடைகளில் ஏடி584 சில்லு பொருத்திய சிறு பலகை கிடைக்கிறது. 2.5, 5, 7.5, 10 வோல்ட் என நான்கு அளவுகளை உங்கள் மீட்டருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு துல்லியமாகத் தரும். கைக்கருவிகளில் ஆர்வம் உள்ளவர் வாங்கலாம். பிரிட்ஜைக் காப்பாற்ற நினைப்பவருக்கு அது தேவையில்லை. கோவையில் உள்ள அங்கீகாரம் பெற்ற அளவீட்டுக்கூடத்துக்கு அனுப்புவதும் அப்படியே, சான்றிதழுக்கு ஆகும் செலவில் நல்ல மீட்டர் ஒன்று வாங்கிவிடலாம்.

மேலும், இவை எல்லாம் டிசி சோதனைகள். ஏசியை அளக்கும்போது மீட்டர் அதை உள்ளே டிசியாக மாற்றிக்கொண்டு கணக்கிடுகிறது. அந்தப் பகுதியில் குறை இருந்தால் செல் சோதனையில் அது வெளிப்படாது. உங்கள் பிளக்கில் வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முழுச் சுற்று சுற்றி, உச்சத்தில் 325 வோல்ட்டைத் தொட்டு இறங்குகிறது. அதே வெப்பத்தைத் தரும் டிசிக்குச் சமமான அளவையே 230 என்கிறோம். மலிவு மீட்டர் சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். ஈ.பி. மின்சாரத்தின் அலை ஒழுங்காக இருப்பதால் இந்தக் கணக்குப் பொருந்தும். கரண்ட் போன நேரத்தில் இடையிடையே சுழியத்தில் நின்று செல்லும் சதுர அலையைத் தரும் பழைய இன்வெர்ட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு 180 தான் வருகிறது என்று பதறுவோர் உண்டு; அங்கே குறை மீட்டரின் கணக்கில் இருக்கலாம். அதை அளக்க, அலை எப்படி இருந்தாலும் அந்த வெப்பச் சமமான அளவையே கணக்கிடும் ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று குறிப்பிட்ட மீட்டர் வேண்டும்.

ஆகவே ஏசிக்கு நம்பகமான வழி, நல்ல ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ மீட்டர் வைத்திருக்கும் வயர்மேன் ஒருவரை அழைத்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டு மீட்டர்களையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்ப்பது. ‘ஒரே நேரத்தில்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்து நிமிடம் தள்ளிப் பார்த்தால் நீங்கள் ஒப்பிடுவது மீட்டர்களை அன்று, பக்கத்து வீட்டுக் கீசரை. மாலையில் ஒருமுறை, காலையில் ஒருமுறை பார்த்து வித்தியாசத்தை மீட்டரின் பின்புறம் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

குளிரையும் மறக்க வேண்டாம். துல்லியம் பற்றிய வாக்குறுதி பொதுவாக 18 முதல் 28 டிகிரி செல்சியசுக்கு உட்பட்டது. தை மாத விடியலில் திண்ணையில் கிடந்த மீட்டருக்கு அது பொருந்தாது. அப்படிக் குளிர்ந்ததை அடுப்படிக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் பூக்கும். அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அளப்பதற்கு முன் ஒன்றே ஒன்றை ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள்: சிவப்புக் கம்பி எந்தத் துளையில் இருக்கிறது? 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பிளக்கில் வைத்தால், மீட்டர் ஓர் இரும்புக் கம்பியைப் போல ஃபேஸையும் நியூட்ரலையும் நேராக இணைத்துவிடும். பல மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃப்யூஸே கிடையாது. கையிலேயே வெடித்த மீட்டர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளக் பாயிண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெயின் போர்டைத் திறக்கும் வேலை வயர்மேனுடையது.

அவரிடம் இதையும் செய்யச் சொல்லுங்கள். மாலையில் உங்கள் வீட்டுச் சுமை முழுவதையும் நிறுத்திவிட்டு மெயின் போர்டில் ஓர் அளவு, கீசரைப் போட்டுவிட்டு மறுபடியும் ஓர் அளவு. எல்லாம் நின்றிருக்கும்போதே 190 என்றால் குறை தெரு லைனிலோ டிரான்ஸ்பார்மரிலோ உள்ளது. கீசரைப் போட்டவுடன் மெயின் போர்டிலேயே பதினைந்து, இருபது வோல்ட் விழுந்தால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பியையோ அதன் இணைப்புகளையோ சந்தேகிக்க வேண்டும். அப்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் விழாமல், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறினால் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறது. இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மெயின் போர்டில் நன்றாக இருந்து பிளக்கில் மட்டும் விழுந்தால் வீட்டு வயரிங். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு கிலோமீட்டருக்கு 12.1 ஓம் மின்தடை. முப்பது மீட்டர் போய்வர அறுபது மீட்டருக்கு 0.73 ஓம், 2,000 வாட் கீசரின் 8.7 ஆம்பியர் அதில் ஆறு வோல்ட்டுக்கு மேல் தின்னும்.

வோல்டேஜ் எவ்வளவு வரை இறங்க அனுமதி என்று பார்த்தால், 230-லிருந்து பத்து சதவீதம் இறங்கினால் 207. பழைய கணக்கான 240-லிருந்து ஆறு சதவீதம் இறங்கினால் 226. உங்கள் மீட்டரின் பிழையைத் தாராளமாகக் கூட்டி 200 என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டுக்கும் கீழேதான் இருக்கிறது. எனவே மீட்டரை மாற்றும் வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்கு நாள், நேரம், வோல்டேஜ், அப்போது கீசர் ஓடியதா என்ற விவரங்களை எழுதி, பிரிவு மின்வாரிய அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் பதிவு செய்யுங்கள். அதுவரை பிரிட்ஜுக்கு மட்டும் ஒரு ஸ்டெபிலைசர் போதும். கீசருக்கு வேண்டாம். 188 வோல்ட்டில் அது மூன்றில் இரண்டு பங்குத் திறனில்தான் ஓடும், தண்ணீர் சுடச் சற்று நேரமாகும், பழுதாகாது. ஸ்டெபிலைசர் போட்டால் அதே லைனிலிருந்து இன்னும் அதிக ஆம்பியரை இழுத்துப் பக்கத்து வீட்டு விளக்கை மேலும் மங்கச் செய்யும்.