ஒருமுறைக்கு மேல் பார்க்க வைக்கும் உளவியல் த்ரில்லர் எது? இரண்டாம் முறை எதைக் கவனிக்க வேண்டும்?

ஷட்டர் ஐலண்ட். டென்னிஸ் லெஹேன் 2003-இல் எழுதிய நாவலை வைத்து 2010-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி எடுத்த படம். இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே கதையின் முடிச்சு முழுசாக அவிழ்கிறது.

1954. மனநோய்க் குற்றவாளிகளை அடைத்து வைத்திருக்கும் தீவு. காணாமல் போன ரேச்சல் என்ற பெண்ணைத் தேடி டெடியும் சக்கும் மார்ஷல்களாக (அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரிகளாக) வந்து இறங்குகிறார்கள். முதல் தடவை டெடியின் கண்ணால்தான் (லியோனார்டோ டிகாப்ரியோ) எல்லாவற்றையும் பார்க்கிறோம். இரண்டாம் தடவை அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் சக்கை (மார்க் ரஃபலோ) மட்டும் பாருங்கள். டெடி அங்கே இரண்டு வருடமாக இருக்கும் நோயாளி, சக் அவருடைய டாக்டர் ஷீஹன் என்று இப்போது தெரியும் அல்லவா?

வாசலில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது டெடி சட்டென்று உருவிக் கொடுத்துவிடுவார். சக்குக்கு உறையிலிருந்து எடுக்கவே வராது, தடுமாறுவார். துப்பாக்கி பிடித்துப் பழகாத டாக்டரின் கை அது. சுற்றி நிற்கும் காவலர்களும் விறைப்பாகவே இருப்பார்கள். அவர்கள் பயப்படுவது டெடியைப் பார்த்து.

நிதானமாக ஓட்டிப் பார்க்க வேண்டிய இடம், கணவனைக் கோடாலியால் கொன்ற நோயாளியை டெடி விசாரிக்கும் காட்சி. டாக்டர் ஷீஹன் எப்படிப்பட்டவர் என்று கேட்டதும் அவள் பார்வை ஒரு கணம் சக் பக்கம் போய்விட்டு வரும். தண்ணீர் கொண்டுவர சக் எழுந்து போன இடைவெளியில், டெடியின் நோட்டில் 'ஓடிவிடு' என்று அவசரமாக எழுதுவாள். அவள் தண்ணீர் குடிக்கும்போது ஒரு ஷாட்டில் கையில் தம்ளரே இருக்காது; வெறும் கை வாய்க்குப் போகும். அடுத்த ஷாட்டில் தம்ளர் மேசையில் வந்து உட்காரும்.

இதற்குக் காரணம் படத்திலேயே இருக்கிறது. டெடியின் குழந்தைகள் செத்தது தண்ணீரில். அதனால் தண்ணீர் வருமிடமெல்லாம் உண்மை எட்டிப் பார்க்கும், நெருப்பு எரியுமிடமெல்லாம் அவருடைய கற்பனை பேசும். மிக ஆபத்தான நோயாளிகளை அடைத்திருக்கும் சி வார்டில் அவர் கிழிக்கும் தீக்குச்சிகள், குகையில் 'உண்மையான ரேச்சலோடு' பேசும்போது எரியும் நெருப்பு இரண்டையும் இப்படி வைத்துப் பாருங்கள். கனவில் மனைவி சாம்பலாக உதிர்ந்த பிறகு அவர் கையில் வழிவது தண்ணீர்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். ஷாட் மாறும்போது பொருந்தாமல் போகும் ஒவ்வொன்றையும் துப்பு என்று எடுத்துக்கொண்டால் படம் கையை விட்டு நழுவிவிடும். நெருப்பு, தண்ணீர், சக்கின் முகம்: இந்த மூன்றில் ஒன்றோடாவது ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஒட்டாததை விட்டுவிடுங்கள்.

சப்டைட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது, வசனங்கள் இரட்டை அர்த்தத்தில்தான் ஓடும். பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்: டெடியின் முழுப்பெயரான எட்வர்ட் டேனியல்ஸைக் கலைத்து அடுக்கினால் அவருடைய உண்மைப் பெயர் ஆண்ட்ரூ லேடிஸ், ரேச்சல் சொலாண்டோவைக் கலைத்தால் அவர் மனைவி டொலோரஸ் சனால். நான்கிலும் 13 எழுத்து.

அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா, எது மோசம் என்று கடைசியில் டெடி கேட்பது நாவலில் இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. கேட்டுவிட்டு எழுந்து நடப்பார். ஷீஹன் 'டெடி' என்று கூப்பிடுவார். அவர் திரும்ப மாட்டார். அந்தப் பெயர் இனி தன்னுடையதல்ல என்று தெரிந்தே போகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.