லோலிடா உடை விரும்பும் தோழிக்கு 3,000 யென்னுக்குள் என்ன தரலாம்?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். என் பிரிவில் இருக்கும் ஜப்பானியத் தோழி வார இறுதியில் லோலிடா உடையில்தான் வெளியே வருவாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிறந்தநாள். 3,000 யென்னுக்குள் சின்னதாக, அழகாக ஏதாவது தர ஆசை. எனக்கு இந்த உடையைப் பற்றி எதுவும் தெரியாது. இணையத்தில் மலிவாக முழு செட்டே கிடைக்கிறதே, அதை வாங்கித் தரலாமா?

பதில்: அந்த செட் மட்டும் வேண்டாம். ஏஞ்சலிக் பிரெட்டி, பேபி த ஸ்டார்ஸ் ஷைன் பிரைட் போன்ற லோலிடா பிராண்டுகளில் புதுக் கவுன் 30,000 யென்னைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த உடையை விரும்புகிறவர்கள் காசு சேர்த்து வாங்கி, பொத்திப் பொத்தி வைத்து உடுத்துகிறவர்கள். மலிவு செட்டின் துணியும் லேஸும் உங்கள் தோழி கண்ணில் உடனே பட்டுவிடும். பிராண்டின் வடிவத்தைப் பார்த்துத் தைத்த நகலாக இருந்தால் மனதும் கஷ்டப்படும். கவுன், பிளவுஸ், ஷூ எல்லாம் அளவு பார்த்து அவரே வாங்கிக்கொள்ளட்டும். உடையைச் சுற்றி இருக்கும் சின்னப் பொருள்களில் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

இந்த உடையின் பெயரைக் கேட்டுத் தப்பாக எண்ணுகிறவர்கள் உண்டு. டோக்கியோவின் ஹராஜுகு பக்கம் வளர்ந்த இந்த பாணி, உடம்பை நன்றாக மூடிய, குடைபோல் விரிந்த பாவாடையும் லேஸும் கொண்ட பாணி. அதற்குள் பல வகை. இளஞ்சிவப்பும் கேக்கும் முயலும் அச்சிட்ட இனிப்பு வகை ஒன்று. பழுப்பு, கருஞ்சிவப்பு, சின்னப் பூக்கள் என்று போகும் கிளாசிக் வகை ஒன்று. கறுப்பும் சிலுவையும் வெல்வெட்டும் உள்ள கோத்திக் வகை இன்னொன்று. கோத்திக் உடுத்துகிறவருக்கு ஸ்ட்ராபெர்ரி கிளிப் கொடுத்தால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் அவருடைய நாலைந்து படங்களைப் பொறுமையாகப் பாருங்கள். எந்த நிறம் திரும்பத் திரும்ப வருகிறது, தலையில் பெரிய ரிப்பனா, தொப்பியா, நகை தங்க நிறமா வெள்ளி நிறமா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெள்ளையைப் பாருங்கள். இதில்தான் வெளியாட்கள் தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன். ஜப்பானில் லேஸ் வாங்கப் போனால் மூன்று வெள்ளை இருக்கும்: பளிச்சென்ற ஷிரோ, கொஞ்சம் பால் கலந்த ஆஃப் ஷிரோ, வெளுக்காத பருத்தி நிறத்தில் கினாரி. கிளாசிக் உடை உடுத்தும் தோழி ஒருத்திக்குப் பளிச்சென்ற வெள்ளை லேஸ் வைத்து ரிப்பன் தைத்துக் கொடுத்தேன். அவள் பிளவுஸ் எல்லாம் கினாரி. பக்கத்தில் வைத்ததும் அவள் பிளவுஸ் அழுக்காகத் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ரிப்பனை அவள் ஒருநாளும் அணியவில்லை. உங்கள் தோழியின் பிளவுஸைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விளக்கொளியில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம்.

நிறம் தெரிந்துவிட்டால், என் முதல் யோசனை நீங்களே செய்யும் ஒரு ஜோடி ரிப்பன் கிளிப். ஷின்ஜுகுவில் ஒகாதயா என்ற கடை, நிப்போரியில் துணிக்கடைத் தெரு, இரண்டிலும் ரிப்பன் மீட்டர் கணக்கில் கிடைக்கும். 4 செ.மீ. அகல ரிப்பன் ஒரு மீட்டர் போதும். 25 செ.மீ. வெட்டி, இரு முனையும் சற்று மேலேறும்படி வளையமாகத் தைத்து, தட்டையாக்கி, நடுவில் நூலால் சுருக்குங்கள். நடுவில் சின்னத் துண்டைச் சுற்றித் தைத்தால் சுமார் 11 செ.மீ. அகலத்தில் முடிச்சு தயார். ஓரத்தில் டார்ஷன் லேஸ், அதாவது பருத்தி நூலில் பின்னிய லேஸ் வையுங்கள். பளபளக்கும் மெல்லிய நைலான் லேஸ் வேண்டாம், அது முழு ரிப்பனையும் மலிவாகக் காட்டிவிடும். ரிப்பனின் பின்பக்கம், தலைமுடியிலும் குத்தலாம், சட்டையிலும் குத்தலாம் என்கிற டூ வே கிளிப்பை வையுங்கள். அவர் அதைத் தலையில், கழுத்தில், பையில் என்று எங்கேயும் வைத்துக்கொள்வார். எல்லாம் சேர்த்து 1,500 யென் கூட ஆகாது.

தைக்க வராது என்றால் சாக்ஸ் வாங்குங்கள். அளவுத் தொல்லை குறைவு. ஜப்பானியப் பெண்கள் சாக்ஸ் பெரும்பாலும் 22 முதல் 25 செ.மீ. வரை ஒரே அளவுதான். பிராண்டு சாக்ஸ் உங்கள் தொகையை முழுசாக எடுத்துக்கொள்ளும், அதனால் பிராண்டு இல்லாததே போதும். பிராண்டுதான் வேண்டும் என்றால், குளோசெட் சைல்டு போன்ற செகண்ட் ஹேண்ட் கடைகளில் மோதிரம், புரோச் போன்ற பிராண்டுச் சின்னப் பொருள்கள் விலை குறைவாகக் கிடைக்கும். அங்கே போய்ப் பார்ப்பதே ஒரு சுகம். சாக்ஸோடு ஒரு சாக் டச் வைத்துக் கொடுங்கள். நழுவாமல் காலில் ஒட்ட வைக்கும் பசை அது. 1990களில் பள்ளிப் பெண்கள் தொளதொள சாக்ஸைப் பிடித்து வைத்ததும் இதனால்தான். சில நூறு யென்தான், ஆனால் இந்த உடை உடுத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோத்திக் என்றால் கறுப்பு வெல்வெட்டில் ஒட்டும் தூசியை எடுக்க, கைப்பையில் வைக்கும் அளவில் கொரொகொரொ என்ற ஒட்டும் உருளை ஒன்று.

ஜப்பானில் பரிசுக்குச் சில சம்பிரதாயங்கள் உண்டு. சீப்பு அழகாக இருக்கும், ஆனால் குஷி என்ற சொல்லில் துன்பத்துக்கான குவும் சாவுக்கான ஷியும் ஒலிக்கும். பலர் இன்று இதைப் பொருட்படுத்துவதில்லை; இருந்தாலும் பிறந்தநாளுக்கு எதற்கு? வெறும் வெள்ளைக் கைக்குட்டையும் பிரிவையும் சாவையும் நினைவூட்டும். பூ வேலைப்பாடு செய்த, நிறமுள்ள கைக்குட்டை நல்ல பரிசு. தேநீர் விருந்தில் பாவாடைமேல் விரித்துக்கொள்ளலாம். கிரீன் டீயை இறுதிச் சடங்குக்குப் பின் தரும் வழக்கம் இருப்பதால் அதைத் தவிர்த்துவிட்டுக் கறுப்புத் தேநீர் கொடுங்கள். லோலிடா உலகில் ஒச்சாகாய் என்ற தேநீர் விருந்துக்குத் தனி இடம் உண்டு. ஊரிலிருந்து யாராவது வந்தால் நீலகிரித் தேயிலை ஒரு பொட்டலம் சொல்லி வாங்குங்கள். ஜப்பானியத் தேநீர்க் கடைகளிலும் அந்தப் பெயர் தெரியும், ஆனால் நீங்கள் தருவது உங்கள் பக்கத்து மலையிலிருந்து வந்தது.

3,000 யென்னுக்கு மேல் போகாதீர்கள். வாங்கிய பரிசுக்கு ஒகாஎஷி என்று ஏதாவது திருப்பித் தரும் பழக்கம் இருக்கிறது. பெரிய பரிசு அவருக்குச் சுமை. மிச்சம் இருந்தால் கின்சாவில் 1904 முதல் இருக்கும் இதோயா என்ற எழுதுபொருள் கடையில் நல்ல தாளும் அரக்கு முத்திரையும் வாங்கி, கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். அவரை எந்த உடையில் பார்த்தபோது உங்களுக்குப் பிடித்தது, ஏன் என்று அதில் சொல்லுங்கள். காஸ்ப்ளே என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காஸ்ப்ளே என்றால் இன்னொரு பாத்திரமாக வேடமிடுவது. இது அவருடைய சொந்த உடை.

கடைசியாக, எங்கே தருவது? வேலையிடத்தில் இதைப் பற்றி வாயே திறக்காதவர்கள் நிறைய. உங்களுக்குத் தெரியும் என்பதால் பக்கத்து மேசைக்கும் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொல்லாமல், வார இறுதியில் வெளியே சந்திக்கும்போது, அவர் அந்த உடையில் இருக்கும் நாளில் கொடுங்கள். கிளிப்பாக இருந்தால் அங்கேயே குத்திப் பார்ப்பார்.