‘எச்.சி.வி. ரியாக்டிவ்’: முகவருக்குப் பணம் கொடுக்கும் முன்

பாலக்கோடு அருகிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 41. வளைகுடா நாட்டில் ஓட்டுநர் வேலைக்குப் போவதற்கான மருத்துவப் பரிசோதனையில் ‘எச்.சி.வி. ரியாக்டிவ்’ (எச்.சி.வி. என்பது ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி வைரஸ்) என்று வந்ததால் தகுதியில்லை என எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். குடிப்பழக்கமே இல்லாத தமக்கு இது எப்படி வந்தது, மனைவி, பிள்ளைகளுக்கும் ஒட்டியிருக்குமா, நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் ‘சரிசெய்து’ தருவதாக முகவர் சொல்வதை நம்பலாமா என்று கேட்கிறார்.

குடிப்பழக்கத்துக்கும் இந்தத் தொற்றுக்கும் தொடர்பில்லை. இந்தத் தொற்று உள்ளவருக்குக் குடி செய்வதெல்லாம், ஏற்கெனவே கெட்டுக்கொண்டிருக்கும் ஈரலை இன்னும் வேகமாகக் கெடுப்பதுதான். ஹெப்படைட்டிஸ் சி ரத்தத்தின் வழியே பரவும் கிருமி. ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. சிறுவனாக இருந்தபோது, 1997-ல், தொடை எலும்பு முறிந்து இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. இந்த வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-ல்தான். நம் நாட்டில் தானமாக வரும் ரத்தத்தை இதற்காகக் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்ற விதி 2000-க்குப் பின்னரே வந்தது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஈரல் சுருங்கிய பிறகு வெளியே தெரியும் நோய் இது.

அடுத்த சந்தேகம் ஊசி. சந்தை நாளில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் எவர்சில்வர் டப்பாவை வைத்து, கண்ணாடி ஊசிக்குழலை ஒரு கொதி விட்டு எடுத்து வரிசையாகக் குத்தியவர்களை நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ‘கைராசிக்காரர்’ என்றுதான் சொல்கிறார்கள். இப்போது புது உறையைக் கண்முன்னே பிரிக்கிறார்கள் என்று நிம்மதியடைய வேண்டாம். ஊசியை மட்டும் மாற்றிவிட்டுக் குழலை அப்படியே வைத்துக்கொள்வதும், ஒருவருக்குப் போட்ட குழலை மறுபடியும் அதே மருந்துப் புட்டியில் விட்டு உறிஞ்சுவதும் நடக்கின்றன. போலி மருத்துவர் ஒருவர் பிடிபட்டால் ஜாமீனில் வந்து அடுத்த ஊரில் பலகை மாட்டுகிறார். நாமோ சாதாரணக் காய்ச்சலுக்கும் ‘ஊசி போட்டால்தான் கேட்கும்’ என்று அவரிடமே போய் நிற்கிறோம். போதை மாத்திரையைக் கரைத்து ஒரே ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், திருவிழாவில் ஒரே ஊசியால் பச்சை குத்திக்கொண்டவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து உண்டு.

மனைவியும் பிள்ளைகளும் ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும். சவர பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

இனி முகவர் விஷயம். அவர் ‘சரிசெய்வது’ என்று சொல்வது பெரும்பாலும் உங்கள் பெயரில் வேறொருவரின் ரத்தத்தைக் கொடுப்பதாகத்தான் இருக்கும். அங்கே போய் இறங்கியதும் மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். அதில் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வாங்கிய கடன் மட்டும் ஊரில் வட்டியோடு காத்திருக்கும். கீழாநெல்லிப் பொடியை ‘வைரஸ் மருந்து’ என்று விற்பவர்களையும் இவரோடு சேர்த்து ஒதுக்குங்கள்.

ஒன்றை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ரியாக்டிவ்’ என்றால் வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி இருக்கிறது என்று மட்டுமே பொருள். தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதங்களுக்குள் வைரஸ் போய்விடும். ஆனால் ஆன்டிபாடி போகாது. மாத்திரையால் குணமானவருக்கும் அதே சோதனை பல ஆண்டுகள் ‘ரியாக்டிவ்’ என்றே காட்டும்; அதைக் காட்டி மறுபடியும் மருந்து விற்க வருவார்கள். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதைச் சொல்வது ஆர்.என்.ஏ. சோதனை, அதாவது ‘வைரல் லோடு’ மட்டுமே.

அது இருப்பது உறுதியானால், பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரை. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018 முதல் தேசியத் திட்டத்தின் கீழ் சோதனையும் மருந்தும் இலவசம். இந்தச் செய்தி இத்தனை ஆண்டுகளில் ஒரு ரேஷன் கடைச் சுவருக்குக்கூட வந்து சேரவில்லை, முகவரின் விளம்பரம் மட்டும் பேருந்து நிறுத்தம்தோறும் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அந்தச் சீட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துச் சென்று, ‘வைரல் லோடு பார்க்க வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாஸ்போர்ட் முகவரிடம் இருந்தால், புறப்படும் முன் அதை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள்.